காணப்பொடி, மோதிரம், மத்தியான உறக்கம்: கபத்தைக் கட்டுக்குள் வைக்க நான் செய்வது

காலையில் கண் விழித்ததும் விரலில் கிடக்கிற மோதிரத்தைத் திருகிப் பார்ப்பேன். லேசாகச் சுற்றினால் சரி. சதையில் பதிந்து நகராமல் நின்றால், நேற்று என்ன செய்தேன் என்று கணக்குப் பார்க்க ஆரம்பிப்பேன். ராத்திரி தயிர் விட்டுச் சாப்பிட்டேனா, மத்தியானம் பாயை விரித்தேனா, கல்யாண வீட்டில் பாயசத்தில் பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் போட்டுப் பிசைந்து இரண்டாவது தடவையும் வாங்கினேனா. பெரும்பாலும் இதில் ஒன்று மாட்டும்.

எனக்கு நாகர்கோவில் கோட்டாறில் தையல் கடை. 22 வருடமாக உட்கார்ந்த வேலை. வயது 51. நாலு வருடத்துக்கு முன்னால் என் உடம்பு இருந்த நிலையைச் சொன்னால் உங்களில் பலருக்குப் பழகிய கதையாகத்தான் இருக்கும். எழுந்ததும் தொண்டையில் கோழை. முகம் கழுவுவதற்குள் பத்துப் பதினைந்து தும்மல். தலை, நனைந்த பஞ்சு மூட்டை மாதிரி கனக்கும். பத்து மணி வரை பசிக்காது, ஆனாலும் எட்டு மணிக்குப் புட்டும் பழமும் சாப்பிட்டுவிடுவேன். மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம் உறக்கம். எழுந்தால் கண்ணிமை வீங்கியிருக்கும். எடை 78 கிலோ. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம்தான். போதாததற்குத் தையல் மிஷினுக்கு மோட்டார் வேறு மாட்டியிருந்தேன். காலுக்கு இருந்த ஒரே வேலையும் போயிற்று.

கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தும்மல் தாங்க முடியாமல் ஒரு நாள் அங்கே சீட்டு எடுத்துப் போனேன். இளவயது டாக்டரம்மா. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வெள்ளையாகப் படிந்திருந்தது. எத்தனை மணிக்கு எழுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன், எவ்வளவு உறங்குகிறேன் என்றுதான் அதிகம் கேட்டார். கடைசியில், "மருந்து கொஞ்சமாத்தான் எழுதுறேன். மருந்தால குறையறத விட நேரத்த மாத்தினா குறையறதுதான் அதிகம் அம்மா" என்றார். எனக்கு அப்போது அது சப்பென்றிருந்தது. ஒரு நல்ல லேகியமாகத் தருவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அவர் முதலில் எழுதியது ரத்தப் பரிசோதனை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். என் மைனி ஒரு வருடம் முழுக்க "எனக்குக் கப உடம்பு" என்று சொல்லிச் சுக்கும் மிளகும் தின்றுகொண்டிருந்தாள். சோர்வு, எடை கூடுவது, குளிர் தாங்காதது, முகவீக்கம் என்று எல்லாம் பொருந்தத்தான் செய்தது. கடைசியில் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் ஆள் சரியானாள். அதனால் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். காலில் அழுத்தினால் குழி விழுகிற வீக்கம், மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், விடாத காய்ச்சல் இதெல்லாம் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

கபம் என்கிற சாமான்

கபத்தை அளக்க மீட்டர் கிடையாது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்றான அதை ஆயுர்வேதம் குணங்களால் சொல்கிறது: கனம், குளிர்ச்சி, எண்ணெய்ப்பசை, மந்தம், வழவழப்பு, நிலைத்தன்மை. நிலமும் நீரும் சேர்ந்தது. இது கெட்ட சாமான் கிடையாது. மூட்டு உரசாமல் அசைவதும், வாயில் எச்சில் ஊறுவதும், உடம்பு தாக்குப்பிடிப்பதும் கபத்தால்தான் என்கிறார்கள். அளவு மிஞ்சினால்தான் நெஞ்சிலும் தொண்டையிலும் தலையிலும் போய்த் தங்கித் தொந்தரவு கொடுக்கும்.

ஒத்த குணம் ஒன்றைக் கூட்டும், எதிர்க் குணம் குறைக்கும் என்பது அடிப்படைக் கணக்கு. கபத்துக்கு எதிரானவை லேசு, சூடு, வறட்சி, அசைவு. இந்த நாலும் ஞாபகம் இருந்தால் ஒரு பழக்கம் நமக்கு ஆகுமா ஆகாதா என்று யாரையும் கேட்க வேண்டாம். ஐஸ்கிரீம்: கனம், குளிர்ச்சி, எண்ணெய்ப்பசை. ஆகாது. நல்லமிளகு ரசம்: லேசு, சூடு. ஆகும். மத்தியான உறக்கத்தில் அசைவே இல்லை, அதுவும் ஆகாது.

காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் கபம் ஓங்கும் நேரம். பகலின் முதல் பங்கும் இரவின் முதல் பங்கும் அதற்கு உரியவை. வயதிலும் அப்படித்தான், முதல் பங்கான குழந்தைப் பருவம் கபத்தினுடையது. சின்னப் பிள்ளைகளுக்கு எப்போது பார்த்தாலும் மூக்கு ஒழுகுவதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

எழுந்திருப்பது

ஆறு மணிக்கு முன்னால் கால் தரையில் பட வேண்டும். கப நேரத்துக்குள் போய்ப் படுத்துக் கிடந்தால் அந்தக் கனம் உடம்பில் ஏறிவிடும். இது புத்தகக் கணக்கு; ஆனால் ஏழரைக்கு எழுந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இருக்கும் மந்தத்தை நினைத்தால் கணக்கு சரி என்றுதான் படுகிறது. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் பிரம்ம முகூர்த்தம். எங்கள் ஊரில் நாலரை, ஐந்து மணி. அதெல்லாம் எனக்கு முடியவில்லை. ஐந்தேகால் என்று வைத்துக்கொண்டேன். ஒரேயடியாக மாற்றாமல் வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினேன். பால்காரத் தம்பியிடம், பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுப் போகாமல் மணியை அடித்துக் கையில் கொடு என்று சொல்லிவைத்தேன். அலாரத்தை அணைத்துவிடலாம், வாசலில் நிற்கிற ஆளை அணைக்க முடியாதே.

பல் தேய்த்து, நாக்கு வழித்து, மஞ்சளும் உப்பும் போட்ட இளஞ்சூட்டு நீரில் தொண்டை வரைக்கும் கொப்பளிப்பேன். அப்புறம் ஒரு தம்ளர் வெந்நீர். சில நாள் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தது. இவ்வளவுதான், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

தேன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வாதத்துக்கு நல்லெண்ணெய், பித்தத்துக்கு நெய், கபத்துக்குத் தேன் என்பது ஆயுர்வேதத்தின் பழைய கணக்கு. புதுத் தேனை விட ஒரு வருடம் கடந்த தேன் கபத்துக்கு நல்லது. ஆனால் தேனைச் சூடாக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் விடவும் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறது. கை பொறுக்கிற சூட்டுக்குத் தண்ணீர் ஆறிய பிறகு ஒரு டீஸ்பூன். சர்க்கரை நோய் இருந்தால் இது வேண்டாம்.

நடை

டாக்டரம்மா சொன்ன அளவு எனக்குப் பிடித்தது. உடம்பில் உள்ள பலத்தில் பாதிதான் உடற்பயிற்சிக்குச் செலவழிக்க வேண்டுமாம். நெற்றியிலும் மூக்கிலும் கஷ்கத்திலும் வேர்வை அரும்பி, வாயால் மூச்சு விடத் தோன்றினால் பாதி பலம் தீர்ந்தது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்த வேண்டும். அதுவும் பனிக்காலத்திலும் வசந்த காலத்திலும்தான் இந்த அளவு, வெயில் காலத்தில் இதைவிடக் குறைவு.

கோட்டாறிலிருந்து இடலாக்குடிப் பக்கம் நடப்பேன். கடைத்தெரு திறப்பதற்கு முன்னால் போய்த் திரும்ப 40 நிமிடம். முதல் மாதம் கால் மணி நேரத்திலேயே நெற்றி வேர்த்துவிட்டது. அன்றைக்கு என் பாதி பலம் அவ்வளவுதான். கப உடம்புக்காரர்களுக்கு ஆரம்பிப்பதுதான் கஷ்டம், ஆரம்பித்துவிட்டால் நெடுநேரம் தாங்குவார்கள். அதனால் "இன்றைக்கு நடக்கலாமா" என்று மனதிடம் கேட்காதீர்கள், பதில் தெரிந்ததுதான். நான் செருப்பைப் போட்ட பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிப்பேன்.

மிஷினிலிருந்து மோட்டாரையும் கழற்றிவிட்டேன். தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயம் வேலை குவிந்தால் மட்டும் திரும்ப மாட்டுவேன்.

காணப்பொடி

நாங்கள் காணம் என்று சொல்வதை மற்ற ஊர்களில் கொள்ளு என்பார்கள். பொடி போட்டு உடம்பைத் தேய்ப்பதற்கு ஆயுர்வேதத்தில் உத்வர்த்தனம் என்று பெயர். கபத்தைப் போக்கும், கொழுப்பை உருக்கும், தோலுக்குத் தெளிவு கொடுக்கும் என்று பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தின் தினசரி ஒழுக்க அத்தியாயத்திலேயே வருகிறது. கொழுப்பு உருகிற்றா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேய்த்துக் குளித்த அன்று உடம்பு லேசாக இருப்பது நிஜம். மோதிரமும் சுற்றும்.

கடையில் கோலகுலத்தாதி சூரணம் என்று கேட்டால் தயாராகக் கிடைக்கும். அதிலும் கொள்ளு உண்டு. நான் வீட்டிலேயே செய்துகொள்கிறேன். கம்போளச் சந்தையில் அரைக்கிலோ காணம் வாங்கிக் கல் பொறுக்கி, வெறும் சட்டியில் வாசனை வருகிற வரைக்கும் வறுத்து ஆறவிட வேண்டும். கருகவிடக் கூடாது. 100 கிராம் திரிபலா பொடி சேர்த்து மில்லில் கொடுத்து நைசாக அரைத்து வாங்குவேன். சலிப்பதற்குச் சல்லடை போதாது. மருந்துப் பொடியைத் துணியில் சலிப்பதை நாட்டு மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்கள். எனக்குத் துணிக்கு என்ன பஞ்சம். லைனிங்குக்கு வெட்டிய மல் துணியில் மிச்சம் ஒரு முழம் எடுத்து, பாத்திரத்தின் வாயில் கட்டி, பொடியைப் போட்டு விரலால் அலைத்தால் மாவு மாதிரி கீழே இறங்கும். மேலே நிற்கிற குருணையை எறிந்துவிடுங்கள். அதைப் போட்டுத் தேய்த்தால் தோல் கீறும்.

தேய்க்கிற முறை: காலை, வெறும் வயிறு. தரையில் பழைய பேப்பரை விரித்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தோல் வறண்டிருந்தால் முதலில் இரண்டு ஸ்பூன் இளஞ்சூட்டு நல்லெண்ணெயைப் பூசிக்கொள்ளலாம். எண்ணெய்ப்பசையான தோலுக்கு அது வேண்டாம். ஒரு கைப்பிடிப் பொடியை எடுத்து, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி, ரோமம் படுத்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். எண்ணெய்க் குளியலில் கீழ்நோக்கித் தடவிப் பழகிய கைக்கு முதலில் இது தலைகீழாகத் தோன்றும். கணுக்கால், முட்டி, முழங்கை வந்தால் வட்டமாக. தொடையிலும் இடுப்பிலும் கொஞ்சம் அழுத்தி, நெஞ்சில் மெதுவாக. முகத்திலும் கழுத்தின் முன்பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் போதும். தோல் சூடாகி லேசாகச் சிவந்தால் சரியான அளவு, எரிந்தால் அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள். காயம், சொறி, தோல் நோய் இருந்தால் கூடாது. கர்ப்பிணிகள் கூடாது. மாதவிலக்கு நாட்களில் நான் செய்வதில்லை.

முதல் நாள் நான் தேய்த்துக்கொண்டு நின்றபோது மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏ பிள்ள, மாட்டுக்கு வைக்கிற காணத்தையா ஒடம்புல தேச்சிட்டு நிக்கே? நாளைக்குப் புண்ணாக்கும் வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்டார். அவர் சிரித்தது அடுத்த வீட்டு வரைக்கும் கேட்டது. அதைவிடப் பெரிய கூத்து, இரண்டாவது வாரம் குளியலறைத் தண்ணீர் வெளியே போகவில்லை. பொடி அத்தனையும் தண்ணீரோடு போய்க் குழாய்க்குள் களியாகி அடைத்துக்கொண்டது. ஆள் வந்து குத்தி எடுக்க 400 ரூபாய். அதற்குப் பிறகுதான் பேப்பர் விரிக்கிற பழக்கம். உதிர்ந்த பொடியைப் பேப்பரோடு மடித்துத் தென்னைமரத்து மூட்டில் தட்டிவிட்டு, உடம்பைத் துணியால் துடைத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே நல்ல வெந்நீர். தலைக்குச் சூடு வேண்டாம். முடிக்கும் கண்ணுக்கும் பலம் குறையும் என்று அதே அத்தியாயம் சொல்கிறது. தலைக்கு இளஞ்சூடு போதும். துவட்டிய உடனே ராஸ்னாதி பொடி ஒரு சிட்டிகை எடுத்து உச்சந்தலையில் சூடு பறக்கத் தேய்ப்பேன். மலையாளக் கரையை ஒட்டிய ஊர் என்பதால் எங்கள் பக்கம் இது வீட்டுக்கு வீடு உண்டு. தலையில் நீர் கோர்ப்பதற்கு இதைப் போல எனக்கு எதுவும் கேட்டதில்லை. ஒரு சின்ன டப்பா மாதக்கணக்கில் வரும்.

மூக்கில் அணு தைலம் விடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சளி பிடித்துக் காய்ச்சலாக இருக்கும்போது விடக் கூடாது. ஆவி பிடிப்பவர்கள் கொதிக்கிற பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்க வேண்டாம். மேஜையில் வைத்து, ஒரு முழம் தள்ளி முகத்தைக் காட்டினால் போதும்.

சாப்பாடு: இங்கேதான் சண்டை

இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் கபத்தைக் கூட்டும். காரம், கசப்பு, துவர்ப்பு மூன்றும் குறைக்கும். கேட்க எளிது. ஆனால் தேங்காய் இல்லாத கறியைக் கறி என்றே ஒத்துக்கொள்ளாத ஊரில் இருக்கிறேன். காலையில் புட்டில் தேங்காய், மத்தியானம் அவியலில் தேங்காய், மீன்குழம்பில் தேங்காய், ராத்திரி தோசைக்குத் தேங்காய்ச் சட்னி. தேங்காய் குளிர்ச்சி, கனம். எல்லாவற்றையும் நிறுத்து என்றால் வீட்டில் கலவரம்தான் வரும். நான் செய்தது இரண்டு. ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மட்டும் தேங்காய். அதிலும் முடிந்தவரை பச்சையாக அரைக்காமல் வறுத்து அரைப்பது. அதாவது தீயல். நல்லமிளகும் மல்லியும் சேர்த்துக் கறுக்க வறுத்து அரைத்த உள்ளித் தீயலை யாரும் பத்தியச் சாப்பாடு என்று குறை சொல்லவில்லை.

காலையில் பசிக்காவிட்டால் சாப்பிட வேண்டாம். கபம் ஓங்கிய நேரத்தில் வயிற்றுத் தீ மந்தமாகத்தான் இருக்கும். பசி வந்த பிறகு, எனக்கு அது ஒன்பது மணி, கொஞ்சமாக. புட்டு என்றால் பழமும் சீனியும் கூட்டாமல் அவித்த சிறுபயறு. மட்டிப்பழத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கே மனசு வராது. வெயில் ஏறின பிறகு பதினொரு மணிக்கு ஒன்று தின்கிறேன்.

பெரிய சாப்பாடு மத்தியானம்தான். வயிற்றை நாலு பங்காக வைத்தால் இரண்டு பங்கு சோறும் கறியும், ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலி. அரிசி பழையதாக, ஒரு வருடம் கிடந்ததாக இருந்தால் லேசு. புது அரிசிச் சோறு சுவைதான், ஆனால் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும். தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது: சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் மெலிவு, நடுவில் குடித்தால் சமநிலை, முடித்தபின் குடித்தால் தடிப்பு. கை கழுவியதும் ஒரு செம்பு தண்ணீரைக் கடகடவென்று குடிப்பது என் 30 வருடப் பழக்கம். அதை நிறுத்தியதுதான் எனக்கு மிகச் சிரமமாக இருந்தது. இப்போது இடையிடையே ஒவ்வொரு மிடறு வெந்நீர்.

தயிர் ராத்திரியில் கூடவே கூடாது. பகலில் கூட, கடைந்து வெண்ணெய் எடுத்த மோராக மாற்றி, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப் போட்டுக் குடியுங்கள். இரண்டும் ஒரே பாலில் வந்தவைதான் என்றாலும் தயிர் அடைக்கும், மோர் திறக்கும்.

மீனும் கபத்தைக் கூட்டுகிற வகைதான். கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை விடுவது நடக்காத காரியம். மத்தியானம் மட்டும், குழம்பாக மட்டும். பொரித்தது ஞாயிற்றுக்கிழமை. மீன் சாப்பிட்ட வேளையில் பாலும் மோரும் கிடையாது.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பழமொழி. அதை நம்பிக் காண ரசம் வைக்க ஆரம்பித்தேன். மூன்று மேஜைக்கரண்டி காணத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் நாலு தம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழு விசில். தண்ணீரை வடித்து எடுத்து, வெந்த காணத்தில் ஒரு கரண்டி மட்டும் மசித்து அதில் கரைக்கவும். மீதிக் காணம் துவையலுக்கு ஆகும். புளி, சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம்; புளிப்பு நமக்கு ஆகாது. நல்லமிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், பூண்டு நாலு பல், எல்லாம் நசுக்கிப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கசக்கும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, ஒரு வத்தல், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது.

நல்லதுதானே என்று இதை நான் தினமும் குடித்தேன். காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகப் பொடி வேறு. மூன்றாவது வாரம் நெஞ்செரிச்சல், வாய்ப்புண், மலச்சிக்கல். டாக்டரம்மாவிடம் போனால், "கபத்த அடிக்கப் போயி பித்தத்த எழுப்பி விட்டிருக்கீங்க" என்றார். காணம் நல்ல சூடு. திப்பிலியையும் மருத்துவர் சொல்லாமல் நெடுநாள் சாப்பிடக் கூடாதாம். இப்போது ரசம் வாரத்துக்கு இரண்டு நாள்; திரிகடுகம் சளி பிடித்தால் மட்டும், கால் டீஸ்பூன், தேனில் குழைத்து மூன்று நாளைக்கு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மத்தியானம்

கடை ஒன்றரை முதல் நாலு வரை அடைப்பு. அந்த நேரத்தில் பாயைப் பார்க்காமல் இருப்பது எனக்குத் தவம். பகல் உறக்கம் கபத்தைக் கூட்டும். உடம்பு காய்கிற கோடையில் மட்டும் எல்லோருக்கும் விலக்கு உண்டு. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் எப்போதும் உண்டு. எனக்கு மற்ற பத்து மாதமும் இல்லை.

ஒரு சலுகை மட்டும் இருக்கிறது. உட்கார்ந்தபடியே கண் அயர்வது உடம்பை வறட்டவும் செய்யாது, அடைக்கவும் செய்யாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மர நாற்காலியில் சாய்ந்து 15 நிமிடம். சாய்வு நாற்காலி வேண்டாம், அது கட்டிலுக்குத் தம்பி. தலை தொங்கி விழித்ததும் எழுந்து பத்து நிமிடம் நின்றபடியே துணி வெட்டுவேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கருப்பட்டி குறைத்துப் போட்ட சுக்குக் காப்பி. கடை ஏழரைக்குத்தான் அடைப்பு, முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குச் சாப்பிடுவேன். அந்த நேரத்தில் தின்பது அப்படியே மறுநாள் தொண்டையில் வந்து நிற்கும். இப்போது ஏழு மணிக்குக் கடையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிறேன். இரண்டு கோதுமை தோசை, அல்லது பயறு கஞ்சியும் முருங்கைக்கீரையும். துணி வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. பத்து மணிக்குப் படுக்கை. எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஒன்றே ஒன்று சொல் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஏழு மணிச் சாப்பாட்டைத்தான். பொடிக்கும் ரசத்துக்கும் முன்னால் அதை ஒரு மாதம் செய்து பாருங்கள்.

பனியில் உறைந்து சேர்ந்த கபம் வெயில் ஏறும்போது உருகி ஓடும் என்பது ஆயுர்வேதப் பேச்சு. தையில் தேங்கியது பங்குனியில் வெளியே வரும். எனக்குத் தும்மலும் அப்போதுதான் அதிகம். அதனால் மாசி பிறந்ததும் இனிப்பையும் மீன் பொரியலையும் குறைத்து, நடையைப் பத்து நிமிடம் கூட்டிவிடுவேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடக்க முடியாத நாட்கள் நிறைய. அப்போது வீட்டுக்குள் சூரிய நமஸ்காரம். ஆறில் தொடங்கிப் பன்னிரண்டு வரை, நெற்றி வேர்த்தால் நிறுத்திவிடுவேன்.

நாலு வருடத்தில் எடை 78லிருந்து 69. வேகம் இல்லை, ஆனால் திரும்ப ஏறவில்லை. தும்மல் பங்குனியில் மட்டும் பத்து நாள் வந்து போகிறது.

போன மாதம் மாமியார் தன் முட்டியைக் காட்டி, "எனக்கும் அந்தக் காணப்பொடியத் தேச்சு விடேன்" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தவர்தான். தேய்க்கவில்லை. 74 வயது, 41 கிலோ, எலும்பில் தோல் போர்த்திய உடம்பு, மூட்டு அசைந்தால் நெறுநெறு என்று சத்தம். முழுக்க முழுக்க வாதம். வறட்டுப் பொடி போட்டால் இன்னும் காயும். அவருக்கு எள்ளுதான். வெள்ளிக்கிழமை தோறும் கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சுடவைத்து, முட்டியில் வட்டமாகவும் காலில் கீழ்நோக்கியும் தடவிவிடுகிறேன். "ஒனக்கு மட்டும் பொடி, எனக்கு எண்ணெயா" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.